நாலாவது நாள் விடிந்தது

மகளைக் கையில் கொடுத்தபோது, “இது யார் வீட்டுப் பிள்ளை?” என்று அம்மாவிடம் கேட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. அந்த வாரத்தில் நடந்த எதுவுமே நினைவில்லை. தொடக்கத்தில் நான் எழுதப்போவதெல்லாம் அம்மாவும் என் கணவர் சரவணனும் பின்னால் சொல்லிக் கேட்டது.

யாழினி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சுகப்பிரசவம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அன்று காலையில் வாந்தி வந்தது. பிறகு தலைவலி. மதியத்துக்கு மேல் வெளிச்சம் கூசுகிறது என்று சன்னலைச் சாத்தச் சொன்னேன். சாயங்காலம் பேச்சு குழறியது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

“பச்சை ஒடம்பு, எதையோ பாத்துப் பயந்துருக்கு” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திருநீறு பூசினார்கள். சரவணன் சிங்கப்பூரில் ஏ.சி. மெக்கானிக். பிரசவத்துக்காக லீவில் வந்திருந்தார். அவர் யாரிடமும் வாதாடவில்லை. கார் பிடித்து என்னைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்.

அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு மனநிலை பிறழ்வதுண்டு, அதுவாக இருக்கலாம் என்று மனநல மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் இளைஞர். என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். நீட்டிய கைகள் நிலைக்கவில்லை. மணிக்கட்டு தொய்வதும் எழுவதுமாக இருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

“இது மனசு சம்பந்தப்பட்டது இல்லைங்க. ரத்தத்துல ஏதோ ஏறியிருக்கு. அமோனியா பாக்கணும். திருச்சிக்குப் போயிருங்க, தாமதிக்காதீங்க” என்றார்.

அவருடைய அந்த ஒரு நிமிட நிதானத்தால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

திருச்சி போய்ச் சேர்வதற்குள் எனக்கு நினைவு தப்பிவிட்டது. ரத்தத்தை எடுத்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு ஓடினார்கள். அமோனியா, இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தது. (அமோனியா என்பது புரதம் உடலில் உடைபடும்போது உண்டாகும் நச்சு. ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அனுப்பாவிட்டால் அது மூளையை வீங்க வைக்கும்.) உடனே டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது) தொடங்கினார்கள்.

மருத்துவர்களுக்கு ஒன்று புரியவில்லை. அமோனியா இவ்வளவு ஏறினால் ஈரல் கெட்டிருக்க வேண்டும். என் ஈரலைப் பார்த்தால் நன்றாக இருந்தது. அப்போது ஐ.சி.யூ. மருத்துவர் சென்னைக்குத் தன் பழைய ஆசிரியர் ஒருவருக்குப் போன் செய்தார். பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்ற நோய்களை (உணவு உடலில் உடைந்து சக்தியாகவும் கழிவாகவும் மாறும் வேலையில் ஏதோ ஒரு படி நடக்காமல் போகும் நோய்கள்) வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். பெயர் டாக்டர் ரெஜினா.

டாக்டர் ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணோட அம்மா பக்கத்துல இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுங்க” என்றாராம்.

“அம்மா, ஒங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“இவ ஒருத்திதாங்க.”

“பொறந்தது எத்தனை?”

அம்மா திரும்பி, மூடியிருந்த ஐ.சி.யூ. கதவைப் பார்த்தாள்.

“ஆம்பளப் பிள்ளைங்க தவறிப்போச்சாம்மா?”

அம்மா வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “ரெண்டுங்க. இவளுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டும் பொறந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மூணாம் நாளு பால் குடிக்கல. தூங்கிக்கிட்டே இருந்துச்சு. அப்படியே போயிருச்சு.”

“ஒங்க மக கறி, மீன் சாப்பிடுவாளா?”

“தொடமாட்டாங்க. சின்னப் புள்ளையிலேருந்து பருப்புச் சோத்தக்கூடத் தள்ளி விட்டுரும்.”

“பிரசவத்துக்கு அப்புறம் என்ன குடுத்தீங்க?”

“பால் ஊறட்டும்னு சுறாப்புட்டு குடுத்தேன். வேணாம்னுதான் சொன்னுச்சு. நான்தான் விடாம ஊட்டிவிட்டேன்.”

“சரிங்கம்மா. எல்லா வீட்லயும் குடுக்குறதைத்தான் குடுத்திருக்கீங்க. இதுல ஒங்க தப்பு ஒண்ணும் இல்ல. நான் நேர்ல வந்து இதை மறுபடி சொல்றேன்.”

பிறகு திருச்சி மருத்துவரிடம் மருந்துகளின் பெயரைச் சொல்லியிருக்கிறார். புரதத்தை முழுக்க நிறுத்து, சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டே இரு, உடல் தன் தசையை உருக்க விடாதே என்றிருக்கிறார். சரவணன் இதை இன்றும் சொல்வார்: “ஒன்னைய அவங்க பாக்கவே இல்ல. மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு, ஒங்கம்மா யார்கிட்டயும் சொல்லாததை எல்லாம் அவங்க கேக்குறாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.”

*

எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது சுவர்க் கடிகாரம். முள் நகர்வது தெரிந்தது. மணி என்ன என்று மட்டும் படிக்கத் தெரியவில்லை. நான் ஆலங்குடியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். எண்களோடுதான் என் பிழைப்பு. அந்தக் கடிகாரத்தின் எண்கள் எறும்புகள்போல இருந்தன. மறுநாள் படிக்க முடிந்தது. அதற்கடுத்த நாள் யாழினியைக் கொண்டுவந்து காட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்த வார இறுதியில் டாக்டர் ரெஜினா வந்தார். அறுபது வயதை நெருங்குகிறவர். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “வனிதா, ஒனக்குப் பலாப்பழம் ரொம்பப் பிடிக்குமாமே?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“முந்திரி?”

“வாயில வச்சாலே குமட்டுங்க.”

அவர் சிரித்தார். “ஒன் ஒடம்பு கெட்டிக்கார ஒடம்பு.”

நாங்கள் முந்திரியும் கடலையும் போடுகிற விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் நான் முந்திரியைத் தொட்டதில்லை. கடலை உருண்டை தின்றதில்லை. சோறும் ரசமும், மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம், இவைதான் என் சாப்பாடு. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து இலையில் வைத்த கறியை ஓரம் தள்ளுவேன். “ரொம்பத்தான் வக்கணை” என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மற்றவர்கள் எல்லாம் ருசித்துச் சாப்பிடுவது எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று வெட்கமாக இருக்கும்.

டாக்டர் ரெஜினா சொன்ன பிறகுதான் தெரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே, புரதம் தனக்கு விஷம் என்று என் உடல் கண்டுபிடித்து வைத்திருந்தது. வாய்க்குள் வரும்போதே தடுத்தது. ரத்தப் பரிசோதனையில் இப்போது தெரிந்ததை என் நாக்கு இருபத்தாறு வருடமாகத் தெரிந்து வைத்திருந்தது. இதை நினைக்கும்போது என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அமோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையை ஈரலில் சில நொதிகள் (வேதிமாற்றத்தை நடத்திவைக்கும் புரதங்கள்) ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செய்கின்றன. அதில் ஒரு நொதி எனக்குப் போதாது. அந்த நொதிக்கான மரபணு பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்றே ஒன்று. எனக்கு இரண்டில் ஒன்று பழுது. சாதாரண நாட்களில் சமாளித்துவிடுவேன். பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கும்போது அதன் தசையும் கரைந்து ரத்தத்தில் சேரும். பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனக்கு அதுவும் சுமை, சுறாப்புட்டும் சுமை.

எல்லா நோயையும் சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வகை நோய்களில் பல அப்படி வருபவைதான். எனக்கு இருப்பது அப்படி வந்ததல்ல. தாய்வழியாக வருவது.

“தென்னந்தோப்பு பாத்திருப்பல்ல?” என்று கேட்டார் டாக்டர். “எல்லா மரமும் ஒண்ணு போலத்தான் நிக்கும். சிலது காய்க்கும், சிலது காய்க்காது. ஒன் ஈரல் அப்படித்தாம்மா. நீ ஒங்கம்மா வயித்துல கடுகளவு இருந்தப்பவே, ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒண்ணைத் தூங்கப் போட்டுருச்சு. எதைத் தூங்க வைக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நல்லது தூங்கிப்போன எடத்துல காய்ப்பு இல்ல. மிச்சம் காய்க்கிற மரத்தை வச்சுத்தான் நீ இவ்வளவு நாள் வாழ்ந்துருக்க. ஒங்கம்மாவுக்குக் காய்க்கிற மரம் நெறைய. அதனாலதான் அவங்களுக்கு ஒண்ணும் தெரியல.”

“அண்ணனுக்கும் தம்பிக்கும்?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு இருந்ததே ஒண்ணுதானே. தோப்பு முழுக்கக் காய்க்காத மரம்.”

*

நான் வீட்டுக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து டாக்டர் ரெஜினா ஊருக்கு வந்தார். அம்மாவுக்கும் அம்மா வழிச் சொந்தங்களுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. விரலில் குத்தி, கெட்டியான தாளில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார். காய்ந்த சொட்டு துருப்பிடித்த பொட்டு மாதிரி இருந்தது. “இதுக்குள்ள எல்லாம் இருக்கு” என்றார். அவருக்கு அது எத்தனையாவது சொட்டோ தெரியாது. அவர் அதைப் பார்த்த பார்வை முதல் சொட்டைப் பார்ப்பது போலவே இருந்தது.

சாப்பிட்டு முடித்தபின் தன் கதையைச் சொன்னார். அவர் மணமேல்குடிப் பக்கம். படித்து முடித்து, கடற்கரையோரம் ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. பிறகு தூங்கியது, எழவில்லை. கிருமித்தொற்று என்று எழுதினார்கள். இவரும் அதைத்தான் நம்பினார்.

அடுத்த வருடம் அதே பெண், அதே வார்டு. மறுபடியும் ஆண்பிள்ளை. மறுபடியும் மூன்றாம் நாள்.

“அந்தப் பொண்ணு என்கிட்ட சண்டை போடல. அழவும் இல்ல. ‘இதுக்கு என்ன பேருங்க டாக்டர்? பேராச்சும் சொல்லுங்க’ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. தெரியலைன்னுதான் சொன்னேன்.”

அந்தப் பெயரைத் தேடித்தான் அவர் போயிருக்கிறார். குழந்தை மருத்துவத்தை விட்டுவிட்டு உயிர்வேதியியல் படித்தார். அந்தக் காலத்தில் இந்தப் பரிசோதனைக்கு ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்போது பிள்ளை இருக்காது. வெளிநாட்டில் சில வருடம் இருந்து வேலையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். சென்னையில் பழைய பாத்திரங்கள் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கருவி வந்து சேரப் பல வருடம் ஆனது. அதுவரை கையாலேயே செய்தார். ஊர் ஊராக இருக்கும் மருத்துவமனைகளுக்கு அந்தத் தாள்களை அனுப்பி, காய்ந்த ரத்தச் சொட்டைத் தபாலில் வாங்கினார்.

“வயித்துப்போக்குல பிள்ளைங்க சாகுற நாட்டுல இது எதுக்குன்னு கேட்டாங்க. ஞாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியல. ஆனா அந்தப் பொண்ணு கேட்டதுக்கும் பதில் தெரியாமத்தானே நின்னேன்.”

அவரிடம் வந்த சொட்டுகளில் பெரும்பாலானவை, வந்து சேரும்போது உயிரோடு இல்லாத பிள்ளைகளுடையவை. அவர் அவற்றையும் பரிசோதித்தார். நோயின் பெயரை எழுதி அந்த ஊர் மருத்துவருக்கு அனுப்பினார். அந்தத் தாய் மறுபடி பெறுவாள் அல்லவா, அதற்காக. ஒரு மனிதர் முப்பது வருடம் இதைச் செய்ய முடியும் என்பது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது. நாங்கள் யார் என்றுகூட அவருக்குத் தெரியாத காலத்தில், நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எனக்கான மருந்து அந்த அறையில் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மா அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: “அப்ப பால் பொரையேறிப் போகலையாங்க?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா பால் கொடுக்கத் தெரியாமல் கொடுத்தாள், புரையேறிப் பிள்ளை போய்விட்டது என்று ஊரில் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்கும் அதேதான் சொன்னார்கள். அம்மா அதை நம்பியிருந்தாள். அப்பா போய்ச் சேரும்வரை அவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. யாழினிக்கு நான் பால் கொடுக்கும்போதெல்லாம் அம்மா ஏன் பக்கத்திலேயே நின்று தலையை நிமிர்த்திப் பிடி, நிமிர்த்திப் பிடி என்றாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் ரெஜினா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சரியாத்தான் குடுத்தீங்க. பிள்ளைங்க சரியாத்தான் குடிச்சுச்சு. குடிச்சதைக் கையாள ஈரலுக்குத் தெரியல. அதை அன்னைக்கு யாராலும் கண்டுபிடிச்சிருக்க முடியாதும்மா. நான் அந்த வார்டுல நின்னிருந்தாலும் எனக்கும் தெரிஞ்சிருக்காது.”

அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

*

யாழினிக்குப் பழுது இல்லை என்று முடிவு வந்தது. மூன்று வருடம் கழித்து நான் மறுபடி கருவுற்றேன்.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று நம் நாட்டில் பார்க்கக் கூடாது. இதுபோன்ற நோய் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. மூன்றாம் மாதத்தில் நஞ்சுக்கொடியின் திசுவில் துளி எடுத்துப் பார்த்தார்கள். ஆண். பழுது இருக்கிறது.

டாக்டர் ரெஜினா எதையும் மறைக்கவில்லை. கருவைக் கலைக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. பெற்றால், பிறந்த நொடியிலிருந்து சிகிச்சை செய்ய வேண்டும். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைத்தால் சில மாதங்களில் ஈரல் மாற்ற வேண்டியிருக்கும். “முடிவு ஒங்களோடது. எது எடுத்தாலும் நான் கூட இருப்பேன்” என்றார்.

சரவணனும் நானும் பேசினோம் என்று சொல்வதைவிட, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்றே சொல்ல வேண்டும். கடைசியில் அவர், “ஈரல் மாத்தணும்னா என்னோடதக் குடுக்கலாமான்னு கேளு” என்றார். அதுவே முடிவாகிவிட்டது. எங்களைப் போன்ற வீட்டில் வேறு முடிவு எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் எடுத்ததும் அன்பில் எடுத்த முடிவுதான். இதைப் படிக்கும் யாரும் அதை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு நாள் குறித்தார்கள். எனக்கும் ஆபத்து உண்டு என்பதால் வலி எடுத்ததுமே என் கையில் சர்க்கரைத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கவின் பிறந்ததும் ஒரு தடவை முகத்தைக் காட்டினார்கள். பிறகு தொப்புள் வழியாகக் குழாய் போட்டு அவனுக்கும் சர்க்கரையும் மருந்துகளும் ஏற்றினார்கள். (அந்த மருந்துகள் அமோனியாவாக மாற வேண்டியதைப் பிடித்து வேறு வழியில் சிறுநீரில் வெளியேற்றுபவை.) தாயும் பிள்ளையும் ஒரே மருத்துவமனையில் வெவ்வேறு மாடியில், ஒரே நோய்க்கு ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டு கிடந்தோம்.

டாக்டர் ரெஜினாவுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. அவர் ஆய்வகத்துக்காரர். ஆனாலும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். சரவணன் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“நான் இந்த நோய்க்குப் பின்னாலேயே ஓடிக்கிட்டு இருந்தவ தம்பி. நான் போறதுக்குள்ள அது பிள்ளையைக் கொண்டுபோயிரும். இப்படி முன்னாடி வந்து நிக்கக் கெடைக்கிறது கொஞ்சம்தான்” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் அமோனியா ஏறியது. மருந்தைக் கூட்டினார்கள். டயாலிசிஸ் இயந்திரத்தை அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கைக்குட்டை அளவு பிள்ளை. இயந்திரம் அவனைப்போலப் பல மடங்கு பெரியது. அம்மா கண்ணாடிப் பக்கம் வரவே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பாதை அந்த நாளோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் அவள் போனதில்லை.

அன்று மாலை ஏற்றம் நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். இயந்திரத்தைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை.

மறுநாள் காலையில் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். வெயில் வராந்தாவுக்குள் வந்திருந்தது. கவின் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தான். அம்மா அப்போதுதான் கண்ணாடிப் பக்கம் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நாலாவது நாள் விடிஞ்சிருச்சு” என்றாள். பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். டாக்டர் ரெஜினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

*

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி, இதே பாதையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் எழுத வேண்டும். தாய்ப்பாலைக்கூட அளந்துதான் கொடுத்தோம். மீதிக்குப் புரதம் இல்லாத பால்மாவு. சளி பிடித்தால் மருத்துவமனை, காய்ச்சல் வந்தால் மருத்துவமனை. ஒருமுறை தடுப்பூசி போட்ட மறுநாளே அமோனியா ஏறி ஐ.சி.யூ. போனோம். பசியோடு அவனைத் தூங்கவிடக் கூடாது. பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே தின்னத் தொடங்கும். ஊரை விட்டுச் சென்னையில் வாடகை வீடு எடுத்தோம். சரவணன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டார். யாழினியை அம்மா பார்த்துக்கொண்டாள்.

எடை கொஞ்சம் கூடியதும் அறுவைச் சிகிச்சை. சரவணனின் ஈரலில் இடது பக்கத்து ஓரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கவினுக்கு வைத்தார்கள். காலையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குள் கொண்டுபோனார்கள். நடுவில் ஒரு கதவு. ஒரு கிண்ணத்தில் ஐஸுக்கு நடுவே அந்தத் துண்டு கதவைத் தாண்டிப் போனதாம். உள்ளே வைத்து ரத்தக்குழாயைத் திறந்துவிட்டதும், வெளிறிக் கிடந்த துண்டு மெல்ல மெல்லச் சிவந்து பித்தநீரைச் சுரந்தது என்று அறுவை மருத்துவர் என்னிடம் சொன்னார். எத்தனையோ தடவை பார்த்தவர். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அன்று மாலை அமோனியா சாதாரண அளவில் இருந்தது. மறுநாளும் அப்படியே. அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த எண்ணைப் பிறகு மருத்துவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

சில மாதங்களில் சரவணனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வெட்டி எடுத்த அளவுக்கு மீதி ஈரல் வளர்ந்து நிரம்பியிருந்தது. கவினுக்குள் இருக்கும் துண்டு அவனோடு சேர்ந்து வளரும் என்றார்கள். அவன் வாலிபனாகும்போது அதுவும் அந்த அளவுக்கு ஆகுமாம். இதை எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு போதும் என்று ஈரலுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் ரெஜினாவிடம் கேட்டேன்.

“அது எனக்கும் முழுசாத் தெரியாதும்மா. தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்” என்று தொடங்கி, ஒரு மணி நேரம் சொன்னார். பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

*

கவினுக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது. நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம். உடல் புது ஈரலை ஒதுக்காமல் இருக்கத் தினமும் மருந்து உண்டு. கூட்டத்துக்குள் கொண்டுபோகும்போது கவனமாக இருப்போம். மற்றபடி அவன் அங்கன்வாடியில் முட்டை சாப்பிடுகிறான். நான் என் சாப்பாட்டோடும் மருந்தோடும் இருக்கிறேன். வெறும் வயிற்றில் அதிக நேரம் இருப்பதில்லை. காய்ச்சல் வந்தால் காத்திருப்பதில்லை.

முன்பெல்லாம் உடம்பு என்றால் நான் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. நான் வங்கியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், ஒரு கூட்டம் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் பாதி ஆட்கள் வரவில்லை. வந்தவர்கள் முணுமுணுக்காமல் இரட்டை வேலை செய்கிறார்கள். சில மத்தியானங்களில் கண்ணை மூடி அவர்களை நினைத்துக்கொள்வேன்.

காலமும் மாறிவிட்டது. வருடம் என்பதை நான் இப்போது பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, யாருக்கும் காய்ச்சல் இல்லாமல் முடிந்தால், அது மிக நீளமான, வசதியான நாளாக இருக்கிறது.

போன மாதம் டாக்டர் ரெஜினா மணமேல்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ரயிலுக்குப் போக வேண்டியவர், கொஞ்ச நேரம்தான் இருப்பேன் என்று காரை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார்.

பின்பக்கம் மோட்டார் தொட்டியில் சரவணனும் கவினும் குளித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். கவின் தொட்டிச் சுவரில் ஏறி நின்றான். அப்பா வயிற்றில் இருந்த தழும்பின்மேல் விரலை வைத்து ஓட்டினான். பிறகு தன் தழும்பைக் குனிந்து பார்த்தான்.

“அப்பா, ஒங்களோடதுதான் பெருசு.”

“நீ வளந்தா ஒன்னதும் பெருசாயிரும்டா.”

“இங்கிட்டு வந்து பாருங்க, என்னோடதும் நீளமாத்தான் இருக்கு” என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு தொபுக்கென்று தண்ணீரில் குதித்தான்.

டாக்டர் அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மூணு நாள் பிள்ளையா இந்த நோய் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல எப்படி இருக்கும்னும் தெரியும். நாலு வயசுல, வீட்ல, குளிக்கையில எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல வனிதா” என்றார்.

வாசலில் டிரைவர் ஹார்ன் அடித்தார். அம்மா காபியை வைத்துவிட்டு டாக்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கவின் மூழ்கி எழுந்தான், மறுபடி மூழ்கினான். இன்னொரு முறை ஹார்ன் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.